உப்பு விற்கப் போனால் மழை: அன்றாடத் துரதிர்ஷ்டங்களும், தேடிப் போக வைக்கும் சின்னச் சுகங்களும்

#1 மொட்டைமாடி | வியாழன், இரவு 11.52

மக்களே, இன்று எனக்கு நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கேள்வி அப்புறம்.

காலையில் சட்டை போடும்போது மேல் பட்டன் கையோடு வந்தது. வேறு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினால் பஸ்ஸின் முதுகுதான் தெரிந்தது. 25 நிமிடம் நின்றேன். வரும்போது ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றாக இரண்டு வந்தன. மாலையில் பில் கட்டப் போன இடத்தில் மூன்று வரிசை. நான் நின்றது நகரவில்லை. பக்கத்து வரிசைக்கு மாறினேன். நான் மாறிய நிமிடம் அந்த இயந்திரத்தில் காகிதச் சுருள் தீர்ந்துபோனது. பழைய வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே என்னைக் கடந்து போனார். வீட்டுக்கு வந்ததும் போன் மேஜையிலிருந்து வழுக்கி விழுந்தது. எந்தப் பக்கம் என்று சொல்லவே வேண்டாம்.

உப்பு விற்கப் போனால் மழை, மாவு விற்கப் போனால் காற்று என்று எவனோ என் ஜாதகத்தைப் பார்த்துத்தான் சொல்லி வைத்திருக்கிறான்.

இத்தனைக்கும் பிறகு ராத்திரி ஒன்பதரைக்கு வண்டியை எடுத்தேன். ஒரு தெருவிளக்குகூட இல்லாத இடம், போக 14 கி.மீ., வர 14 கி.மீ. ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தைத் தொலைநோக்கி இல்லாமல் வெறும் கண்ணால் பார்க்கலாம் என்று படித்ததிலிருந்து அரிப்பு. போய் இறங்கினேன். மேகம். முழுக்க மேகம்.

வீட்டில், "இதுக்கா அவ்வளவு தூரம் போனே?" என்றார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் ராசியும் இப்படித்தானா? இப்படிப்பட்ட ராசியை வைத்துக்கொண்டும் நீங்கள் எதற்காகத் தூரம் போவீர்கள்? பெரிய சுற்றுலாக் கதை வேண்டாம். மற்றவர்கள் "இதுக்கா?" என்று கேட்கக்கூடிய சின்ன விஷயமாகச் சொல்லுங்கள்.

---

#2 பழையசைக்கிள் | வெள்ளி, காலை 6.10

குடை எடுத்துப் போன நாளில் மழை பெய்ததாக என் வாழ்க்கையில் பதிவே இல்லை. இரண்டாவது கேள்விக்கு யோசித்துச் சொல்கிறேன்.

---

#3 கணக்குப்பிள்ளை | வெள்ளி, காலை 7.35

தம்பி மொட்டைமாடி, உங்கள் ராசியில் ஒன்றும் கோளாறு இல்லை. முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன், நேற்று உங்களைப் படுத்தியதில் பாதி வெறும் கணக்கு.

வரிசையை முதலில் எடுங்கள். மூன்று வரிசை. எது முதலில் முடியும் என்பது யாருக்கும் தெரியாது. உங்கள் வரிசை முந்த மூன்றில் ஒரு வாய்ப்பு. மற்ற இரண்டில் ஒன்று முந்த மூன்றில் இரண்டு. அதாவது நீங்கள் எங்கே நின்றாலும், எவ்வளவு புத்திசாலியாகத் தேர்ந்தெடுத்தாலும், பெரும்பாலான நாள் "பக்கத்து வரிசை வேகமாகப் போகிறது" என்றுதான் இருக்கும். உங்கள் வரிசையே முந்திய நாள்களில் நீங்கள் வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லியிருக்கவும் மாட்டீர்கள்.

பஸ்தான் ருசியான கணக்கு. 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வைத்துக்கொள்வோம். சரியாக 10, 10, 10 என்று வந்தால், குத்துமதிப்பாகப் போய் நிற்பவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். அதே பஸ்கள் 5, 15, 5, 15 என்று வந்தால்? சராசரி இடைவெளி அதே 10தான். ஆனால் 20 நிமிடத்தில் 15 நிமிடம் அந்த நீண்ட இடைவெளிக்குள் போகிறது. எனவே நீங்கள் போய் நிற்கும் நேரம் அதற்குள் விழ நாலில் மூன்று வாய்ப்பு. கணக்குப் போட்டால் காத்திருப்பு ஆறேகால் நிமிடம். உங்களுக்கு நடந்த மாதிரி இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டு வந்தால், 20 நிமிடத்துக்கு ஒரு ஜோடி. சராசரிக் காத்திருப்பு 10 நிமிடம். ஒரு பஸ்ஸையும் குறைக்காமலே உங்கள் காத்திருப்பை இரட்டிப்பாக்கிவிட்டார்கள்.

ஏன் ஒட்டிக்கொண்டு வருகின்றன என்பதிலும் யாருடைய சதியும் இல்லை. முன்னால் போகும் பஸ் இரண்டு நிமிடம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் கூடிவிடும். ஏற்றி இறக்குவதில் இன்னும் தாமதம். பின்னால் வருவதற்கு ஆளே மிஞ்சாது. அது சட்டென்று வந்து முன்னதைப் பிடித்துவிடும்.

பட்டனுக்கு என்னிடம் கணக்கு இல்லை. நூல் பழையது.

---

#4 கடைசிபெஞ்ச் | வெள்ளி, காலை 9.02

போனுக்கு நான் வருகிறேன். மேஜையிலிருந்து விழும் ரொட்டித் துண்டு ஏன் வெண்ணெய் தடவிய பக்கமாகவே விழுகிறது என்று ராபர்ட் மேத்யூஸ் 1995இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். அடுத்த வருடம் அதற்கு இக் நோபல் கொடுத்தார்கள். முதலில் சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிக்குத் தரும் பரிசு அது.

விஷயம் இவ்வளவுதான். விளிம்பிலிருந்து வழுக்கும் பொருள் சுழல ஆரம்பிக்கும். முக்கால் மீட்டர் மேஜையிலிருந்து தரைக்கு வர சுமார் 0.4 விநாடி. அதற்குள் ஏறக்குறைய அரைச் சுற்றுதான் சுழல முடியும். முழுச் சுற்று சுழன்று மறுபடி மேல்பக்கம் மேலேயே வர மேஜை 3 மீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். அவ்வளவு உயர மேஜைக்கு அதற்கேற்ற உயரத்தில் மனிதன் வேண்டும். அப்படி ஒருவன் தடுக்கி விழுந்தால் மண்டை உடையாமல் இருக்காது. மனிதன் எவ்வளவு உயரம் வளரலாம் என்பதைத் தீர்மானிப்பது வேதிப் பிணைப்புகளின் வலிமை. அது இயற்பியலின் அடிப்படை மாறிலிகளில் போய் நிற்கிறது. ஆக, உங்கள் போன் குப்புற விழ வேண்டும் என்பது பிரபஞ்சம் உருவானபோதே முடிவானது.

2001இல் பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் சோதித்தும் பார்த்தார்கள். 9,821 தடவை போட்டதில் 62 சதவீதம் வெண்ணெய்ப் பக்கம்.

போனை இனிமேல் மேஜையில் குப்புற வையுங்கள். விழும்போது மல்லாந்து விழும்.

---

#5 சந்தேகராணி | வெள்ளி, காலை 10.48

குப்புற வைத்தால் வைக்கும்போதே கண்ணாடியில் கீறல் விழும், கடைசிபெஞ்ச். அதற்கு எந்த மாறிலி?

கணக்குப்பிள்ளை சாரிடம் ஒரு சண்டை. எல்லாவற்றையும் கணக்கு என்று சொல்லிவிட்டால் மனசு ஆறிவிடுமா? எனக்கு ஒரு விண்ணப்பத்தில் பிறந்த தேதியை ஓர் அலுவலகத்தில் தப்பாக ஏற்றிவிட்டார்கள். 12 என்பதை 21 ஆக்கிவிட்டார்கள். அதைத் திருத்த ஏழு தடவை நடந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காகிதம் குறைந்தது. ஏழாவது தடவை எல்லாக் காகிதமும் இருந்தது, கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருந்தார். இதற்கு என்ன சராசரி? யாரோ கவனமில்லாமல் செய்ததை நான் சுமந்தேன். "துரதிர்ஷ்டம்" என்ற வார்த்தை அந்த ஆளைத் தப்பிக்கவிடுகிறது என்பது என் கட்சி.

---

#6 கணக்குப்பிள்ளை | வெள்ளி, பகல் 12.15

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. நான் பஸ்ஸுக்கும் வரிசைக்கும் மட்டும்தான் வக்காலத்து வாங்கினேன். பிறந்த தேதியை மாற்றியவருக்கு இல்லை.

---

#7 கடைசிபெஞ்ச் | வெள்ளி, பகல் 12.40

சந்தேகராணி சொன்னது மர்ஃபி விதியின் கதையேதான். "கெட வாய்ப்பு இருப்பது கெட்டே தீரும்" என்று எல்லோரும் விதியின் மேல் பழி போடுவது போலச் சொல்கிறோம். அது பிறந்தது ஒரு வேலைத்தளப் புலம்பலில். 1949, அமெரிக்க விமானப்படைத் தளம். ராக்கெட் வைத்துத் தள்ளும் சறுக்குவண்டியை அதிவேகமாக ஓட்டிச் சட்டென்று நிறுத்தி, மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்து அடி வாங்கியவர்களில் ஒருவர் ஜான் ஸ்டாப் என்ற மருத்துவர். எட்வர்ட் மர்ஃபி கொண்டு வந்த அளவீட்டு உணரிகளைப் பொருத்தி ஓட்டினார்கள். முள் அசையவே இல்லை. பார்த்தால் எல்லா உணரிகளையும் திருப்பி இணைத்திருந்தார்கள். மர்ஃபி அந்தக் கோபத்தில் சொன்னதுதான் பிறகு விதியாயிற்று. அதைச் செய்தியாளர்களிடம் எடுத்துச் சொன்னவர் ஸ்டாப். தப்பாக மாட்ட முடிகிற மாதிரி எதையும் செய்யாதே, முன்கூட்டியே யோசி என்ற அர்த்தத்தில்தான் அவர் சொன்னார்.

ஸ்டாப் 1954இல் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய் ஒன்றரை விநாடிக்குள் நின்றார். கண்ணுக்குள் ரத்தம் கசிந்து கொஞ்ச நேரம் பார்வையே தெரியவில்லை. அப்புறம் சரியாகி, 89 வயதுவரை இருந்தார். ராசி என்றால் அதைச் சொல்லலாம்.

---

#8 பின்நிறுத்தம் | வெள்ளி, மாலை 5.20

இரண்டாவது கேள்விக்கு யாருமே வரவில்லையே. நான் தொடங்குகிறேன்.

எனக்கு ஜன்னல் சீட். அவ்வளவுதான். வேலை முடிந்து கிளம்பும்போது எங்கள் நிறுத்தத்தில் பஸ் பிதுங்கிக்கொண்டு வரும். அதனால் எதிர்த்திசையில் நடப்பேன். வீட்டுக்குப் போக வேண்டிய பக்கம் இல்லை, பஸ் வருகிற பக்கம். மூன்று நிறுத்தம் பின்னால் போனால் பஸ் புறப்படும் இடமே வந்துவிடும். இருபத்தைந்து நிமிட நடை. அங்கே காலிப் பஸ்ஸில் ஏறி, இடது பக்கம், பின் சக்கரத்துக்கு முந்திய சீட். சக்கரத்துக்கு மேல் உள்ள சீட்டில் கால் மடங்கும், வேண்டாம். ஜன்னலின் நடுக்கம்பி முகத்துக்கு நேராக வராத சீட்டாகவும் பார்க்க வேண்டும். எங்கள் தடத்தில் ஓடும் வண்டிகளில் அப்படி இரண்டு சீட்தான் உண்டு. எந்த வண்டியில் எது என்று மனப்பாடம்.

கண்ணாடியை முழுக்கத் தள்ளிவிட்டு முழங்கையை வெளியே போகாமல் விளிம்பில் வைத்துக்கொண்டால், வண்டி வேகம் எடுத்ததும் வேர்த்த கழுத்தில் காற்றுப் படும். அந்த முதல் அரை நிமிடம். அதற்குத்தான் ஒன்றரைக் கிலோமீட்டர் பின்னோக்கி நடக்கிறேன். எங்கள் நிறுத்தம் வரும்போது என்னோடு வேலை செய்கிறவர்கள் முண்டியடித்து ஏறி, நான் ஏற்கனவே உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பார்கள். அதுவும் ஒரு சுகம், மறைப்பானேன்.

மூன்று நாளுக்கு ஒரு தடவை, நான் பாதி வழி நடந்துகொண்டிருக்கும்போதே காலிப் பஸ் என்னை எதிரே கடந்து போய்விடும். ஓட்டுநர் சில சமயம் கையைக்கூட அசைப்பார்.

---

#9 சந்தேகராணி | வெள்ளி, மாலை 5.44

நடக்கும் நேரத்தையும் சேர்த்தால் நின்றுகொண்டே போனாலும் முன்னதாக வீட்டுக்குப் போயிருப்பீர்கள்.

---

#10 பின்நிறுத்தம் | வெள்ளி, மாலை 5.51

போயிருப்பேன். போய்?

---

#11 ஈரமண் | வெள்ளி, இரவு 8.30

நான் மழை வாசனைக்காகப் போகிறவன். சிரிக்காதீர்கள். நான் இருக்கும் இடத்தில் சுற்றிலும் சிமென்ட். மழை பெய்தால் ஈரத் தார் வாசம்தான் வரும். மண்ணாகக் கிடக்கும் இடம் இருபது கிலோமீட்டர் தள்ளி. வானம் கறுத்தால் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பியதுண்டு.

இந்த வாசனைக்கு ஆங்கிலத்தில் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தவர்கள் இசபெல் ஜாய் பியர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள், 1964இல். நமக்கு மண்வாசனை என்ற வார்த்தை எப்போதோ இருந்தது, அது வேறு. காய்ந்த கல்லும் மண்ணும் தாவர எண்ணெய்களை உறிஞ்சி வைத்திருக்கும். அதோடு மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள். இந்த ஜியோஸ்மினுக்கு நம் மூக்கு எவ்வளவு கூர்மை என்றால், ஒரு லட்சம் கோடிப் பங்கில் ஐந்து பங்கு இருந்தாலே பிடித்துவிடும்.

அது மண்ணிலிருந்து மூக்குக்கு ஏறும் விதத்தை 2015இல் வேகக் கேமரா வைத்துப் பிடித்தார்கள். துளி மண்ணில் விழுந்து தட்டையாகும்போது, மண்ணின் நுண்துளையில் இருந்த காற்று துளிக்குள் குமிழாக ஏறி மேலே வந்து உடைகிறது. சோடா பொங்குகிற மாதிரி. அந்தத் தெறிப்பில் வாசனை காற்றில் கலக்கிறது. இதில் எனக்கு உபயோகமான சேதி, அடைமழைக்கு இது அவ்வளவாக நடக்காது. தூறலிலும் மிதமான மழையிலும்தான் அதிகம். எனவே கொட்டப் போகிற மழைக்கு நான் வண்டியை எடுப்பதில்லை.

துரதிர்ஷ்டம் கேட்டீர்களே. போன வருடம் இதற்கென்றே ஒரு நாள் போனேன். முதல் தூறல் விழுந்தது. எனக்கு ஜலதோஷம். மூக்கு முழுக்க அடைப்பு. மழையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

---

#12 பழையசைக்கிள் | வெள்ளி, இரவு 9.05

ஈரமண், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தேன். மன்னிக்கவும்.

---

#13 அரைத்தூக்கம் | சனி, அதிகாலை 3.17

எல்லோரும் கிலோமீட்டரில் சொல்கிறீர்கள். என் தூரம் 22 படி.

குழந்தைக்கு நாலு மாதம். பகல் முழுக்கத் தோளில். இறக்கி வைத்தால் அழும். ராத்திரி இரண்டரை வாக்கில் ஒரு தடவை நன்றாக அசந்து தூங்குவான். அப்போதும் கையை அவன் முதுகுக்கு அடியிலிருந்து ஒவ்வொரு விரலாக உருவ வேண்டும். சுண்டுவிரல் கடைசி. அப்புறம் கதவு. எங்கள் கதவு திறக்கும்போது கத்தும், அதனால் கைப்பிடியை மேலே தூக்கிக்கொண்டே இழுக்க வேண்டும். மாடிப்படியில் ஒன்பதாவது படியில் ஓடு ஆடும், அதை மிதிக்காமல் தாண்டிவிடுவேன். மேலே போனால் ஒரு கவிழ்த்த பக்கெட். அதன் மேல் உட்காருவேன். யாரும் என்னைத் தொட்டுக்கொண்டிருக்காத பத்து நிமிடம்.

ஒன்றும் செய்வதில்லை. பாட்டுக் கேட்பதில்லை. வானத்தைக்கூடப் பார்ப்பதில்லை, மொட்டைமாடி அண்ணா மன்னிக்கணும். கைகள் இரண்டும் சும்மா மடியில் கிடக்கும், அவ்வளவுதான்.

வீட்டிலிருந்து நான் போகும் ஆகத் தூரமான இடம் இப்போதைக்கு அதுதான். பாதி நாள் பதினைந்தாவது படியில் இருக்கும்போதே அழுகை கேட்டுவிடும். இன்று மேலே வரை வந்துவிட்டேன். பக்கெட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆகவே இன்று கை சும்மா இல்லை. பரவாயில்லை.

---

#14 மொட்டைமாடி | சனி, காலை 7.20

அரைத்தூக்கம் அக்கா (அக்காவா தங்கையா தெரியவில்லை), இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே தூரமான பயணம் உங்களுடையதுதான்.

---

#15 அரைத்தூக்கம் | சனி, மாலை 4.02

அக்காவாகவே இருக்கட்டும். இப்போது என்னைப் பார்த்தால் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும்.

---

#16 பழையசைக்கிள் | சனி, இரவு 8.45

யோசித்துச் சொல்கிறேன் என்றேனே. மேகம் என்று மொட்டைமாடி அழுதாரே, அவருக்கு ஓர் ஆளை அறிமுகப்படுத்துகிறேன். கியோம் லெ ஜான்தி. பிரெஞ்சு வானியலாளர். மேகத்தின் கையில் இவரைவிட அதிகமாக அடி வாங்கியவர் யாரும் இருக்க முடியாது.

சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி ஒரு பொட்டாகக் கடந்து போகும். அதைப் பூமியின் வெவ்வேறு மூலைகளிலிருந்து நேரம் குறித்துப் பார்த்தால், சூரியன் எவ்வளவு தூரம் என்று கணக்கிடலாம். எட்டு வருட இடைவெளியில் ஒரு ஜோடியாக வரும். அது போனால் அடுத்த ஜோடிக்கு நூறு வருடத்துக்கு மேல் ஆகும். 1761இல் ஒன்று, 1769இல் ஒன்று.

1761 கடப்பைப் புதுச்சேரியிலிருந்து பார்க்கலாம் என்று 1760 மார்ச்சில் பிரான்சிலிருந்து கப்பல் ஏறினார். வழியில் மொரீஷியஸ். அங்கேயே புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்ட சேதி. மாதக்கணக்கில் காத்திருந்து வேறு கப்பல் பிடித்து இந்தியக் கரையை நெருங்கினால், ஊரே கைமாறிவிட்டது. கப்பல் திரும்பியது. ஜூன் 6, 1761. வானம் பளிச்சென்று இருந்தது. வெள்ளி சூரியனைக் கடந்தது. இவர் அதைப் பார்க்கவும் செய்தார், ஆடும் கப்பல் தளத்திலிருந்து. ஊசல் கடிகாரம் கடலில் சரியாக ஓடாது, நிற்கும் இடத்தின் தீர்க்கரேகையும் துல்லியமாகத் தெரியாது. பார்த்தது எதற்கும் உதவவில்லை.

வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. எட்டு வருடம்தானே, இருந்துவிடலாம் என்று முடிவு செய்தார். மடகாஸ்கர் பக்கம் சுற்றினார், மணிலாவுக்குப் போனார். மணிலாவிலிருந்தே பார்க்கலாம் என்பது அவர் யோசனை. அங்கே இருந்த ஸ்பானிய ஆளுநருக்கு இவர் மேல் சந்தேகம். பாரிஸிலும் புதுச்சேரிக்கே போகச் சொன்னார்கள். அதற்குள் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியிருந்தது. 1768இல் வந்து சேர்ந்தார். கண்காணிப்பு நிலையம் கட்டினார். ஒரு வருடத்துக்கு மேல் தயாராகக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை. அதற்கு முந்தைய நாள்கள் எல்லாம் அருமையான காலை நேரங்கள். அன்றைக்கு மேகம். கடப்பு முடிந்த பிறகு வெயில் வந்தது. மணிலாவில் அன்று வானம் சுத்தமாக இருந்திருக்கிறது.

திரும்பும் பயணத்திலும் வயிற்றுப்போக்கு, புயல், கப்பல் சேதம் என்று வரிசையாக. பதினொன்றரை வருடம் கழித்து 1771இல் பிரான்சில் கால் வைத்தால், இவர் செத்துவிட்டதாக முடிவுகட்டியிருந்தார்கள். வாரிசுகள் சொத்தைப் பங்கு போடும் ஏற்பாட்டில் இருந்தார்கள். அறிவியல் கழகத்தில் இவர் இடத்தையும் வேறு ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது.

இப்போது நான் சொல்ல வந்தது. புதுச்சேரியில் காத்திருந்த நாள்களில், உள்ளூர்த் தமிழ்க் கணிதர் எப்படிக் கிரகணம் கணிக்கிறார்கள் என்று இவர் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். எழுதுகோல் இல்லை, காகிதம் இல்லை. சோழிகளை வரிசையாக வைத்து நகர்த்தி, மனப்பாடமாக வாய்பாடு சொல்லிக்கொண்டே போட்டு முடிக்கிறார்கள். அந்த வேகத்தைப் பார்த்து அசந்துபோய் ஊருக்குப் போய் எழுதியிருக்கிறார். வெள்ளி கிடைக்கவில்லை. ஆனால் அந்தச் சோழி நகர்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாரே, அந்தச் சில பகல்களுக்கு நான் ஆசைப்படுகிறேன்.

---

#17 சந்தேகராணி | ஞாயிறு, காலை 9.12

அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும் என்று நமக்கு என்ன தெரியும்? மனுஷன் பதினைந்து நாள் பேனாவைக்கூடத் தொட முடியாமல் கிடந்ததாக அவரே எழுதியிருக்கிறார். நாம் இருநூற்றைம்பது வருடம் கழித்து உட்கார்ந்துகொண்டு "சோழி கிடைத்ததே" என்கிறோம்.

---

#18 பழையசைக்கிள் | ஞாயிறு, காலை 9.40

நியாயம். ஆனால் திரும்பிப் போனவர் அப்படியே முடிந்துபோகவில்லை. கல்யாணம் செய்துகொண்டார், ஒரு மகள் பிறந்தாள், கழகத்திலும் மறுபடி இடம் கிடைத்தது. அப்புறம் எங்கேயும் கப்பல் ஏறவில்லை என்று நினைக்கிறேன். நானாக இருந்தாலும் ஏறமாட்டேன்.

---

#19 கடைசிபெஞ்ச் | ஞாயிறு, பகல் 1.30

என் பங்குக்கு: எதிரொலி. பாலத்துக்கு அடியில், காலித் தண்ணீர்த் தொட்டிக்குள், கட்டி முடிக்காத கட்டடத்தில் எல்லாம் கைதட்டிப் பார்க்கும் ஆள் நான். என்னைப் போல ஒருவர் டிரெவர் காக்ஸ், ஒலியியல் பேராசிரியர். ஸ்காட்லாந்தில் மலைக்குள் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குடைந்த எண்ணெய்த் தொட்டி ஒன்றில், குறுகலான குழாய் வழியே ஊர்ந்து உள்ளே போய் அளந்தார். தாழ்ந்த சுருதியில் ஓர் ஓசை அடங்க 112 விநாடி ஆனது. ஒரு தடவை சத்தம் கொடுத்துவிட்டு ஏறக்குறைய இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டு இருக்கலாம்! சாவதற்குள் ஒரு முறை.

துரதிர்ஷ்டம்: கட்டி முடிக்காத கட்டடத்தில் கைதட்டியபோது காவலாளி வந்துவிட்டார். "என்ன சார் பண்றீங்க?" என்றார். "எதிரொலி கேட்கிறேன்" என்று சொன்னால் யார் நம்புவார்கள்.

---

#20 கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 7.55

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, வெளியே சொல்ல வெட்கப்பட்டேன். வாக்கிங் போகும்போது போட்டுக்கொள்ளும் இயர்போன் வயர், சட்டைப்பையில் அழகாகச் சுருட்டி வைத்தாலும் எடுக்கும்போது முடிச்சு. இதற்கும் ஆராய்ச்சி இருக்கிறதாம், பேரன் காட்டினான். ரேமர், ஸ்மித் என்ற இருவர் 2007இல் ஒரு பெட்டிக்குள் கயிற்றைப் போட்டு உருட்டி 3,415 தடவை சோதித்திருக்கிறார்கள். சில விநாடியிலேயே முடிச்சு விழுந்துவிடுகிறது. அரை மீட்டருக்கும் குறைவான, சரியாகச் சொன்னால் 46 செ.மீ.க்கு உள்பட்ட கயிற்றில் மட்டும் விழவில்லை. இயர்போன் வயரோ ஒரு மீட்டருக்கு மேல்.

சிக்கலாவதற்கு ஆயிரம் வழி, சிக்காமல் இருக்க ஒரே வழி. எல்லாம் தெரிந்தும் இன்று காலை அதை அவிழ்க்க நாலு நிமிடம் ஆனது, கோபமும் வந்தது. சந்தேகராணி அம்மா சொன்னது சரிதான், கணக்குத் தெரிந்தால் மனசு ஆறுவதில்லை.

தூரம் போகும் சுகம் எனக்குக் கடைசியாக வைத்திருக்கிறேன். பழைய மாணவன் ஒருவன் சலூன் வைத்திருக்கிறான், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். இருக்கும் முடிக்குப் பக்கத்துத் தெருவே போதும். ஆனால் இவன் முடி வெட்டி முடித்ததும் பின்கழுத்தில் சில்லென்று தண்ணீர் தெளித்து, துண்டால் ஒற்றி, "சார், குனியுங்க" என்பான். என் வகுப்பில் எத்தனை தடவை அவனைக் குனியச் சொல்லியிருப்பேன்.

---

#21 மொட்டைமாடி | மூன்று வாரம் கழித்து, திங்கள், காலை 6.48

மக்களே, பார்த்துவிட்டேன்.

அமாவாசைக்கு மறுநாள் என்று பார்த்துக் கிளம்பினேன். அதே இடம். போகும்போது வானத்தில் பாதிக்கு மேகம். ஒன்பதாவது கிலோமீட்டரில் பின் சக்கரம் பஞ்சர். ஆள் நடமாட்டம் இல்லாத சாலை. போனில் சார்ஜ் 6 சதவீதம், டார்ச் போட மனசு வரவில்லை. முகப்பு விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலேயே வண்டியைத் தள்ள ஆரம்பித்தேன். அரைமணி நேரத்துக்கு மேல் தள்ளியிருப்பேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மூச்சு வாங்க நின்று நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன், மேகம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது.

கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும் என்று படித்திருந்தேன். போன தடவை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போனை எடுத்துப் பார்த்துக் கெடுத்துக்கொண்டேன் போல. இந்தத் தடவை எடுக்க வழி இல்லை. ஆங்கில டபிள்யூ எழுத்து மாதிரி ஐந்து நட்சத்திரம், காசியோபியா. அதன் கூர்மையான முனை காட்டும் பக்கம் கொஞ்ச தூரம். நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. பார்வையைச் சற்று ஓரமாகத் திருப்பினால் மட்டும் தெரிகிறது. மூச்சு விட்ட கண்ணாடியில் படியும் ஆவி மாதிரி ஓர் அழுக்கு வெள்ளை. நேராகப் பார்த்தால் போய்விடும், ஓரமாகப் பார்த்தால் வரும். 25 லட்சம் ஒளியாண்டு. அந்த வெளிச்சம் கிளம்பியபோது நம்மைப் போன்ற மனிதர்கள் பூமியிலேயே கிடையாது.

ஏழெட்டு நிமிடம் இருக்கும். மேகம் மூடிக்கொண்டது.

பஞ்சர் ஆனதால்தான் கண் பழகியது, எல்லாம் நன்மைக்கே என்று யாரும் எழுத வேண்டாம். வீடு வந்து சேர இரண்டரை மணி. டியூப் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது, மாற்றியாகிவிட்டது, கோபம் இன்னும் போகவில்லை.

---

#22 கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 7.30

எழுத வந்தேன். எழுதவில்லை.

---

#23 சந்தேகராணி | திங்கள், காலை 8.05

அடுத்த தடவை சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் எடுத்துப் போங்கள். சிவப்பு வெளிச்சம் இருட்டுப் பழகிய கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. அப்புறம் அந்த இடம் எங்கே? லொகேஷன் போடுங்கள்.

---

#24 மொட்டைமாடி | திங்கள், காலை 8.11

போடமாட்டேன். நாலு பேர் வந்தால் ஐந்தாவதாக விளக்குக் கம்பம் வரும்.

---

#25 சந்தேகராணி | திங்கள், காலை 8.14

தனிமடலிலாவது?

---

#26 அரைத்தூக்கம் | செவ்வாய், அதிகாலை 2.51

காசியோபியா எந்தப் பக்கம் இருக்கும்? பக்கெட்டை அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட வேண்டும்.

---

#27 மொட்டைமாடி | செவ்வாய், காலை 6.30

வடக்கே அக்கா. தெருவிளக்கு முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி போட்டுக்கொள்ளுங்கள். சந்தேகராணி, தனிமடல் பாருங்கள். காற்றடிக்கும் பம்ப் நீங்கள் கொண்டு வர வேண்டும்.